முன்காலும் மூச்சும் செதுக்கிய எலும்பு

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள சோல்ன்ஹோஃபன் வட்டாரம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போனது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆர்க்கியாப்டெரிக்ஸின் புதைபடிவங்கள் கிடைத்திருப்பது அந்தப் பகுதியில்தான். வாயில் பல், பின்னால் நீண்ட எலும்பு வால், உடலில் இறகு என்றிருந்த இந்த உயிர், ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் இடைப்பட்டதாகப் பள்ளிப் பாடத்திலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகிறது. 1993-இல் பீட்டர் வெல்ன்ஹோஃபர் என்ற தொல்லுயிரியலாளர், அப்போது புதிதாகக் கிடைத்திருந்த ஒரு படிவத்தை விவரித்து எழுதினார். அதிலிருந்த ஒரு தட்டையான எலும்பை மார்பெலும்பு என்று அடையாளம் காட்டினார். அதற்கு முன் கிடைத்த எந்த ஆர்க்கியாப்டெரிக்ஸிலும் மார்பெலும்பு தென்பட்டதில்லை என்பதால் துறையில் அது பெரிய செய்தியாயிற்று.

பத்தாண்டுகள் கழித்து அவரே அதை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். புதைபடிவங்களைப் புற ஊதா ஒளியில் படமெடுப்பதில் கைதேர்ந்த ஹெல்முட் டிஷ்லிங்கர் இந்த முறை உடன் இருந்தார். 2004-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, அந்த எலும்பு மார்பெலும்பே இல்லை என்றது. தோளைத் தாங்கும் கோரக்காய்டு என்ற எலும்பின் ஒரு பகுதிதான் அது.

ஒரு சிறு எலும்பைப் பற்றி ஏன் இத்தனை ஆராய்ச்சி? பறவையின் இறக்கையை அடிக்கும் தசைகள் மார்பெலும்பில்தான் ஊன்றியிருக்கின்றன. அந்த எலும்பின் அளவையும் வடிவையும் பார்த்தால், அந்த உயிர் எவ்வளவு வலுவாக இறக்கை அடித்திருக்கும் என்று ஊகிக்கலாம். பறவைக்கு மட்டும் பொருந்தும் சங்கதி இல்லை இது. மார்பெலும்புள்ள பெரும்பாலான முதுகெலும்பிகளில் அது இரண்டு வேலைகளுக்கு நடுவே நிற்கிறது. முன்காலை உடலோடு பிணைப்பது ஒன்று. மூச்சுக்கு விரிந்து சுருங்கும் விலாக்கூட்டை முன்பக்கம் பூட்டுவது மற்றொன்று. ஒரு விலங்கு முன்காலை எதற்குப் பயன்படுத்துகிறது, எப்படி மூச்சு விடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், அதன் மார்பெலும்பு எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நம் நெஞ்சில்

முதலில் நம்முடையதைப் பார்ப்போம். கழுத்தின் அடியில், காறை எலும்புகள் இரண்டும் நெருங்கி வரும் இடத்தில், விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். மார்பெலும்பு அங்கே தொடங்கி மேல்வயிறு வரை இறங்குகிறது. வளர்ந்தவர்களில் அதன் நீளம் ஏறத்தாழ 15 முதல் 17 செ.மீ. மேலே அகன்ற பிடிப்பகுதி, நடுவில் நீண்ட உடற்பகுதி, கீழே சிறு வாள்முனை என அதற்கு மூன்று பகுதிகள். நடுப்பகுதி பிறக்கும்போது நான்கு துண்டுகளாக இருந்து, பருவ வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே ஒன்றாகிறது. வாள்முனை நடுவயது வரை குருத்தெலும்பாகவே இருந்து, நாற்பதை ஒட்டித்தான் எலும்பாக இறுகத் தொடங்குகிறது. அந்த வயதில் திடீரென்று ‘நெஞ்சுக்குழியில் ஏதோ கட்டி’ என்று மருத்துவரிடம் ஓடுபவர்களில் சிலர் தொட்டுப் பார்த்தது இந்த முனையைத்தான்.

பிடிப்பகுதியும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு மேடு இருக்கும். இரண்டாவது விலா எலும்பு வந்து சேர்வது அங்கேதான். மருத்துவர்கள் விலா எலும்புகளை எண்ணத் தொடங்குவது இந்த மேட்டிலிருந்து. ஏறத்தாழ இதே மட்டத்தில்தான் உள்ளே மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. நமக்குள்ள பன்னிரண்டு இணை விலா எலும்புகளில் மேல் ஏழும் தத்தம் குருத்தெலும்பு வழியே நேராக மார்பெலும்பைத் தொடுகின்றன. அடுத்த மூன்றும் மேலே உள்ள குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடைசி இரண்டு எதையும் தொடாமல் நின்றுவிடுகின்றன. இடையில் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பு இருப்பதால்தான் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு முன்னும் மேலுமாக எழ முடிகிறது.

கைக்கும் இந்த எலும்புக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் தசைகளால் மட்டுமே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதுகெலும்போடு அதற்கு மூட்டு எதுவும் இல்லை. கை எலும்புகள் உடம்பின் நடு எலும்புச் சட்டத்தோடு மூட்டால் இணைவது ஒரே ஓர் இடத்தில்தான். காறை எலும்பு மார்பெலும்பின் மேல்மூலையில் வந்து பொருந்தும் இடம் அது.

கருவளர்ச்சியும் இந்த உறவையே காட்டுகிறது. விலா எலும்புகளின் நுனிகள் ஒன்றுசேர்ந்து மார்பெலும்பு ஆகிறது என்ற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. 1939-இல் கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல், பட்ஜெரிகார் கிளிகளின் கருக்களை ஆராய்ந்து, மார்பின் இருபுறச் சுவர்களிலும் தனித்தனியே தோன்றும் இரண்டு பட்டைகள் நடுவை நோக்கி நகர்ந்து இணைவதைக் காட்டினார். விலா எலும்புகள் இழுத்து வந்து சேர்ப்பதில்லை. 1950-களின் தொடக்கத்தில் எலிக்கருக்களில் நடந்த சோதனைகளும் அதையே சொல்லின. விலா எலும்புகள் முதுகுத்தண்டை ஒட்டிய திசுத் துண்டங்களிலிருந்து வருபவை. மார்பெலும்போ கைகால் எலும்புகளைத் தரும் அதே பக்கச்சுவர்த் திசுவிலிருந்து வருகிறது. பிறப்பால் அது விலாவைவிடக் கைக்கே நெருங்கிய சொந்தம்.

இரண்டு பட்டைகளும் சரியாக இணையாவிட்டால் மார்பெலும்பு பிளந்த நிலையில் குழந்தை பிறக்கும். அது மிக அரிது. கீழ்ப்பகுதியில் ஒரு சிறு ஓட்டை மட்டும் விட்டுப்போவது அவ்வளவு அரிதில்லை. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு அப்படி இருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதனால் எந்தத் தொல்லையும் இராது. ஆனால் அந்த இடத்தில் நேராக ஊசி இறக்கினால் பின்னால் இருப்பது இதயம்.

தண்ணீரில் தேவைப்படாதது

மீனுக்கு மார்பெலும்பு கிடையாது. உடலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. மூச்சு செவுள் வழியே நடக்கிறது. முன்துடுப்பைத் தாங்கும் எலும்பு பெரும்பாலான மீன்களில் மண்டையோட்டின் பின்பக்கத்தோடு இணைந்திருக்கிறது. கரையேறிய பின்புதான் சிக்கல் வந்தது. தோள் தலையைவிட்டுப் பிரிந்தது, கழுத்து உருவானது, நிலத்தில் ஊன்றிய முன்கால்கள் உடலைச் சுமக்க வேண்டியதாயிற்று. இரு தோள்களும் பக்கவாட்டில் சரிந்துவிடாமல் நடுவில் ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. மார்பெலும்பு நான்கு கால் முதுகெலும்பிகளின் சொத்து.

அது முதலில் தோளுக்காகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கத் தவளை ஒரு நல்ல காரணம். பெரும்பாலான தவளைகளுக்கு விலா எலும்பு இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. நெஞ்சை விரித்து அவை மூச்சு விடுவதில்லை. வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகின்றன. ஆனாலும் தவளைக்கு மார்பெலும்பு உண்டு. மூச்சுக்குப் பங்கில்லாத இடத்தில் அது தோள் எலும்புகளோடு சேர்ந்து, குதித்து இறங்கும்போது முன்கால்கள் வாங்கும் அதிர்ச்சியை ஏற்கிறது. தேரைகளில் இடது வலது தோள்பகுதிகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சற்றே வழுக்கி நகரும். நம் வயல்களில் காணும் தவளைக் குடும்பத்தில் அவை இறுக இணைந்துவிட்டிருக்கும். தவளைகளை வகைப்படுத்துபவர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவரும் வேறுபாடு இது.

பல்லி இனத்தில் மார்பெலும்பு சாய்சதுர வடிவக் குருத்தெலும்புத் தட்டு. விலா எலும்புகள் அதன் பின்விளிம்பில் வந்து சேர்கின்றன. முன்விளிம்புகள் இரண்டிலும் தோளின் கோரக்காய்டு எலும்புகள் பொருந்துகின்றன. உடும்பு இனத்தில் இந்தப் பொருத்தம் வியப்பானது. 1983-இல் ஃபாரிஷ் ஜென்கின்ஸும் ஜார்ஜ் காஸ்லோவும், ஆப்பிரிக்கச் சவானா உடும்பை நடக்கவிட்டு எக்ஸ்-ரே திரைப்படம் எடுத்தார்கள். மார்பெலும்பின் விளிம்பில் ஒரு பள்ளக்கோடு. அதில் கோரக்காய்டின் விளிம்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் சறுக்கி ஓடுவது படத்தில் தெரிந்தது. தோளே நகர்வதால் கால் எட்டும் தூரம் கூடுகிறது. குட்டைக் கால்களோடு அத்தனை நீளமாக எட்டுவைக்க உடும்பால் எப்படி முடிகிறது என்பதற்கு அதன் நெஞ்சில் விடை இருந்தது.

முன்கால் போனால் மார்பெலும்பும் போகிறது. பாம்புக்குத் தோளும் இல்லை, மார்பெலும்பும் இல்லை. நூற்றுக்கணக்கான விலா எலும்புகளின் கீழ்நுனிகள் எதோடும் பூட்டப்படாமல் நிற்கின்றன. தன் உடம்பைவிடப் பருத்த இரையை மலைப்பாம்பு விழுங்குவதற்குத் தாடையின் நெகிழ்ச்சி பாதிக் காரணம்தான். வாயைத் தாண்டிய இரை வயிற்றுக்குப் போக நெஞ்சும் விரிந்து வழிவிட வேண்டும். அங்கே ஒரு பூட்டு இருந்திருந்தால் அது நடக்காது.

ஆமையிடம் மார்பெலும்பு இல்லாததற்குக் காரணம் வேறு. அதன் விலா எலும்புகள் மேலோட்டோடு ஒன்றிப்போய் அசைவற்று நிற்கின்றன. அடிப்பக்கத்தை மூடும் கவசத்தைப் பார்ப்பவர்கள் அகன்ற மார்பெலும்பு என்று நினைக்கக்கூடும். அது மார்பெலும்பு இல்லை. பொதுவாக ஒன்பது எலும்புகள் சேர்ந்த அந்தக் கவசத்தின் முன்பகுதி, பழைய காறை எலும்புகளும் அவற்றின் இடையெலும்பும் உருமாறியது. மற்றவை வயிற்றுத் தோலுக்கடியில் தோன்றும் எலும்புகளின் வழிவந்தவை. நெஞ்சு அசையாத நிலையில், ஆமை வயிற்றுக்குள் இருக்கும் தசைகளால் நுரையீரலை அழுத்தியும் விரித்தும் மூச்சு விடுகிறது.

பறவையின் நெஞ்சு

எலும்புகளில் மார்பெலும்புக்கு முதலிடம் கிடைத்திருப்பது பறவையிடம்தான். அகன்ற தட்டு ஒன்று நெஞ்சிலிருந்து வயிற்றுப்பக்கம் வரை நீள்கிறது. அதன் நடுவே செங்குத்தாக ஒரு முகடு. கோழிக்கறி வெட்டும்போது நெஞ்சுச்சதையை இரண்டாகப் பிரிக்கும் அந்தத் தகட்டெலும்பே முகடு. அதன் இருபுறமும் மேலாகப் படிந்திருக்கும் பெரிய தசை இறக்கையைக் கீழே அடிக்கிறது. அதற்கு அடியில், எலும்பை ஒட்டி, இன்னொரு தசை இருக்கிறது. கடையில் நெஞ்சுக்கறியிலிருந்து தனியே பிரிந்துவரும் நீளமான சதைத்துண்டு அது. இறக்கையை மேலே தூக்குவது அதன் வேலை.

நெஞ்சின் அடியில் கிடக்கும் தசை எப்படி இறக்கையை மேலே தூக்கும்? கிணற்றில் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்தால் வாளி மேலே வருவதற்கு ராட்டினம் எப்படி உதவுகிறதோ அப்படித்தான். தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்தில் ஒரு துளை இருக்கிறது. தசையின் நாண் அந்தத் துளை வழியே மேலேறி, வளைந்து, மேற்கை எலும்பின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. தசை கீழே சுருங்க, இறக்கை மேலே எழுகிறது. இரண்டு கனமான தசைகளும் கீழேயே இருப்பதால் பறவையின் எடை இறக்கைகளுக்குக் கீழே தங்கி, பறப்பில் நிலைகுலையாமல் காக்கிறது.

பல பறவைகளில் தூக்கும் தசை, அடிக்கும் தசையைவிடப் பல மடங்கு சிறியது. ஒரே இடத்தில் நின்று பறக்கும் அமெரிக்க ஹம்மிங்பேர்டில் அது ஏறத்தாழ பாதி அளவு இருக்கும். இறக்கையை மேலே தூக்கும்போதும் அது காற்றைத் தள்ளி எழுவிசை பெறுகிறது. அதன் பறப்புத் தசைகள் மட்டுமே உடல் எடையில் கால்பங்குக்கு மேல். அத்தனை தசைக்கும் இடம் வேண்டுமே. அந்தச் சின்ன உடம்புக்கு அதன் முகடு மிகவும் உயரமானது.

இதே எலும்பு மூச்சுக்கும் வேலை செய்கிறது. பறவையின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. அதைச் சுற்றியுள்ள காற்றுப்பைகளே காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. மார்பெலும்பு கீழே இறங்கும்போது காற்றுப்பைகள் விரிகின்றன. மேலே ஏறும்போது சுருங்குகின்றன. உதரவிதானம் இல்லாத பறவைக்கு இதுதான் வழி. காயம்பட்ட குருவியையோ கிளியையோ கையில் எடுப்பவர்கள் நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான். மூக்கும் வாயும் திறந்திருந்தாலும், மார்பெலும்பு அசையாவிட்டால் அது மூச்சுத் திணறிச் சாகும்.

முகட்டை வைத்தே பறவைகளை இரண்டாகப் பிரித்தவர் ஜெர்மானிய இயற்கையாளர் பிளாசியஸ் மெரெம். 1813-இல் அவர் முகடு உள்ளவை ஒரு பிரிவு, தட்டை நெஞ்சுள்ள நெருப்புக்கோழி, ஈமு போன்றவை மற்றொரு பிரிவு என்று வகுத்தார். நெடுநாள் நிலைத்த பிரிவு அது. தட்டை நெஞ்சுப் பறவைகள் எல்லாம் பறக்காத ஒரே மூதாதையின் வழிவந்தவை, கண்டங்கள் பிரிந்தபோது சிதறிப்போயின என்று விளக்கமும் சொல்லப்பட்டது. மரபணுக்கள் வேறு கதை சொல்லின. தென் அமெரிக்காவில் முகடு உள்ள, கொஞ்சம் பறக்கவும் செய்கிற டினமூ பறவைகள் இந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே வந்து நிற்பதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நியூசிலாந்தின் கிவிக்கு மிக நெருங்கிய உறவு, பக்கத்து ஆஸ்திரேலியாவின் ஈமு இல்லை, மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப்பறவை என்று 2014-இல் தெரிந்தது. அப்படியானால் பறக்கும் முன்னோர்களிடமிருந்து இவை தனித்தனியே பல முறை பறப்பைக் கைவிட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முகடு தேய்ந்திருக்கிறது. ஒரே வாழ்க்கை ஒரே வடிவைத் தந்துவிட்டது; உறவு காரணமில்லை.

பறப்பைக் கைவிடாத தீவுப் பறவைகளிலும் இந்தச் சாய்வு தெரிகிறது. வேட்டையாடும் விலங்குகள் குறைவாக உள்ள தீவுகளில், பறவைகளின் பறப்புத் தசைகள் சிறுத்தும் கால்கள் நீண்டும் வருவதாக 2016-இல் நடாலி ரைட்டும் அவர் குழுவினரும் காட்டினார்கள். கலாபகோஸ் தீவுகளின் நீர்க்காகம் பறப்பதை முழுக்க விட்டுவிட்டது. அதன் முகடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் பென்குவினும் பறக்காத பறவைதான், அதன் முகடு மட்டும் ஓங்கி நிற்கிறது. அது தண்ணீருக்குள் இறக்கை அடித்து நீந்துகிறது. காற்றைவிடப் பன்மடங்கு அடர்ந்த நீரில் இறக்கையைத் தூக்குவதற்கும் பலம் வேண்டும். காற்றில் பறப்பதும் நீரில் துழாவுவதும் எலும்புக்கு ஒன்றுதான்.

சில பறவைகள் இந்த முகட்டை எதிர்பாராத வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கின்றன. கொக்கைவிட உயரமான சாரஸ் போன்ற பெருநாரைகளிலும், வட அமெரிக்காவின் எக்காள அன்னத்திலும், மூச்சுக்குழாய் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. முகட்டின் உள்ளே புகுந்து, வளைந்து சுற்றி, மறுபடி வெளியே வந்துதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது. குழாய் நீள நீள ஒலியின் தன்மை மாறி, கத்தும் பறவை உண்மை அளவைவிடப் பெரியதாகத் தோன்றும் என்று 1999-இல் டெகம்சே ஃபிட்ச் விளக்கம் தந்தார். அமைதி அன்னம் என்று பெயர் பெற்ற ஐரோப்பிய அன்னத்துக்கு இந்தச் சுற்று இல்லை.

மனிதன் தன் தேவைக்காகப் பறவையை மாற்றியபோது அடி விழுந்ததும் இந்த எலும்பில்தான். முட்டைக்கோழி ஏறத்தாழ 18-ஆவது வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. அதன் முகட்டின் பின்நுனி எலும்பாக இறுகி முடிவதோ அதற்கும் பல வாரங்கள் கழித்து. இப்படிப்பட்ட கோழிகளில் முகடு முறிவது உலகெங்கும் காணப்படுகிறது. டென்மார்க்கில் 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கூண்டில் வளர்ந்தவை, திறந்தவெளியில் வளர்ந்தவை என்ற வேறுபாடில்லாமல் பெரும்பான்மைக் கோழிகளுக்கு முறிவு இருந்தது. எங்காவது மோதிக்கொள்வது ஒரு காரணம்; ஆனால் மோதலின் சுவடே இல்லாத முறிவுகளும் நுனியில் குவிந்திருக்கின்றன. முட்டைக்கோழி வளர்ப்பில் நாட்டுக்கே முன்னிற்கும் நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளும் கவனிக்க வேண்டிய செய்தி.

முகடு இல்லாமலும் பறக்கலாமா?

ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு வருவோம். மார்பெலும்பு தென்படாததால் அதற்குப் பறக்கத் தெரியாது என்றவர்கள் உண்டு. 1979-இல் ஸ்டோர்ஸ் ஓல்சனும் ஆலன் ஃபெடுசியாவும், அதன் வலுவான கவட்டை எலும்பே பறப்புத் தசைகளுக்கு ஊன்றுகோலாக இருந்திருக்க முடியும் என்று வாதிட்டார்கள். 2014-இல் சீனாவில், இறகுள்ள டைனோசரான ஆங்கியோர்னிஸ், தொன்மைப் பறவையான சாபியோர்னிஸ் ஆகியவற்றின் நூற்றுக்கணக்கான படிவங்களை அலசிப் பார்த்தார்கள். ஒன்றிலும் எலும்பாகிய மார்பெலும்பு கிடைக்கவில்லை. அத்தனை படிவங்களிலும் தற்செயலாகத் தொலைந்துபோயிருக்க வழியில்லை. 2018-இல், ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறக்கை எலும்புகளைச் சக்திவாய்ந்த எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்தவர்கள், குறுகிய தூரம் இறக்கை அடித்துப் பறக்கும் இன்றைய பறவைகளோடு அவை ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். பறப்பு முதலில் வந்தது. முகடு பிறகு வந்து அதை வலுப்படுத்தியது என்றே இவற்றிலிருந்து எண்ணத் தோன்றுகிறது.

முகடு பறவைகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. டைனோசர் காலத்தில் வானில் பறந்த டெரோசார்களின் அகன்ற மார்பெலும்பில் முன்பக்கம் ஒரு முகடு நீட்டிக்கொண்டிருந்தது. வௌவாலுக்கும் மார்பெலும்பின் மேல்பகுதியில் சிறு முகடு உண்டு. இறக்கையைத் தூக்கும் வேலையை அது முதுகுத் தசைகளிடம் விட்டிருப்பதால் பறவைக்கு இருப்பதுபோல உயரமான முகடு தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் மண்ணுக்குள்ளேயே வாழும் மோல் என்னும் சிறு பாலூட்டிக்கும் முகடு இருக்கிறது. அது ஒருநாளும் பறந்ததில்லை. முன்கால்களால் மண்ணைத் தோண்டுகிறது. கடினமாக உழைக்கும் முன்காலுக்குப் பெரிய மார்புத்தசை வேண்டும், பெரிய தசைக்குப் பரந்த பிடிமானம் வேண்டும். காற்றா மண்ணா என்று எலும்பு பார்ப்பதில்லை.

பாலூட்டிகளின் வரிசை

பாலூட்டிகளின் மார்பெலும்பு துண்டு துண்டாக, குருத்தெலும்பு இடைவைத்துக் கோத்த வரிசை. நாய்க்கு எட்டுத் துண்டுகள், மாட்டுக்கு ஏழு, பன்றிக்கு ஆறு. பிளாட்டிபஸ் போன்ற முட்டையிடும் பாலூட்டிகளில் மட்டும், ஊர்வனவற்றில் உள்ளதுபோலக் கோரக்காய்டு எலும்புகள் இன்னும் மார்பெலும்புவரை வந்து சேர்கின்றன. மற்றவற்றில் அந்தப் பாலம் அறுந்துவிட்டது. குதிரைக்கும் மாட்டுக்கும் காறை எலும்புகூட இல்லை. அவற்றின் முன்கால்கள் எந்த எலும்பு மூட்டும் இல்லாமல், தசைகளின் தொட்டிலில் உடம்பைத் தொங்கவிட்டுச் சுமக்கின்றன. ஓடும்போது தரையின் அதிர்ச்சி எலும்பு வழியே நேராக நெஞ்சுக்கு ஏறுவதில்லை.

திமிங்கிலம் முன்காலைத் துடுப்பாக்கித் திசைதிருப்ப மட்டும் வைத்துக்கொண்டது, நீந்துவது வாலால். நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத் திமிங்கிலங்களின் மார்பெலும்பு ஒற்றை எலும்பாகச் சுருங்கி, முதல் இணை விலா எலும்புகளை மட்டும் தொடுகிறது. மற்ற விலா எலும்புகள் பூட்டப்படாமல் நெகிழ்ந்து நிற்கின்றன. ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறும்போது இறுகிய விலாக்கூடு நொறுங்கும், நெகிழ்ந்தது உள்வாங்கிக்கொடுக்கும்.

இன்னொரு கோடியில் அழுங்கு இருக்கிறது. எறும்பையும் கறையானையும் நக்கித் தின்னும் அதன் நாக்கின் தசைகள் தொண்டையில் தொடங்கவில்லை. மார்பெலும்பின் வாள்முனையில் தொடங்குகின்றன. ஆப்பிரிக்காவில் மரத்தில் வாழும் அழுங்குகளில் அந்த முனை இரண்டு நீண்ட குருத்தெலும்புக் கம்பிகளாக வளர்ந்து வயிற்றுச் சுவரை ஒட்டி இடுப்புப்பக்கம் வரை செல்கிறது. நம் காடுகளில் உள்ள ஆசிய வகைகளில் அது குட்டையாக, அகன்று முடிகிறது. முன்காலும் மூச்சும் போக மூன்றாவதாக நாக்கும் இந்த எலும்பைத் தன் பங்குக்கு இழுத்திருக்கிறது.

குரங்குகளின் மார்பெலும்பு ஒடுங்கியது; நெஞ்சும் நாயின் நெஞ்சுபோல ஆழமானது. கிப்பன், சிம்பன்சி, கொரில்லா, மனிதன் என வாலில்லாக் குரங்கு வகைக்கு வந்தால் எலும்பு அகன்று, நெஞ்சு தட்டையாகிவிடுகிறது. தோள்கள் பக்கவாட்டுக்கு நகர்ந்து, கை தலைக்குமேல் எல்லாத் திசையிலும் சுழல்கிறது. கிளையில் தொங்கியும் ஏறியும் வாழ்ந்த முன்னோர்களின் உடலமைப்பு இது. நாம் மரத்தைவிட்டு இறங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியும் அந்த நெஞ்சு மாறவில்லை. பந்தெறிவதும் பரணில் பெட்டி ஏற்றுவதும் அதனால்தான் முடிகிறது.

மருத்துவர் கையில்

தோலுக்கு அடியிலேயே, சதை மூடாமல் கிடப்பதால் மார்பெலும்பு மருத்துவத்துக்கு எளிதில் எட்டும் எலும்பு. வயதானபின்னும் அதற்குள் சிவப்பு மச்சை ரத்த அணுக்களை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. 1927-இல் லெனின்கிராடில் மிகயீல் அரின்கின், அதில் ஊசி செலுத்தி மச்சையை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரத்த நோய்களைக் கண்டறிவதில் அது புது வழி திறந்தது. எலும்பு மெல்லியது, பின்னால் இதயமும் பெருநாளங்களும் இருக்கின்றன என்பதால் இப்போது பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கிறார்கள்.

இதயத்தை எட்டும் நேர்வழியும் இதுதான். மார்பெலும்பை நெடுக அறுத்து நெஞ்சைத் திறக்கும் முறையை 1897-இல் கெய்ரோவில் ஹெர்பர்ட் மில்டன் விவரித்தார். 1957-இல் ஆர்மண்ட் ஜூலியனும் அவர் சகாக்களும் இதய அறுவைக்கு அதைப் பரிந்துரைத்த பிறகுதான் அது பரவியது. பைபாஸ் முடிந்ததும் எலும்பின் இரு பாதிகளையும் எஃகுக் கம்பியால் கட்டிவிடுவார்கள். வீடு திரும்புகிறவருக்குச் சில வாரங்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு: கையை ஊன்றி எழக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கனமான கதவைத் தள்ளக்கூடாது. இதயத்தில் அறுவை செய்துவிட்டுக் கைக்கு ஏன் தடை என்று குழம்புபவர்கள் பலர். மார்புத்தசை இந்த எலும்பில்தான் தொடங்குகிறது. கையால் உடம்பைத் தள்ளும்போதெல்லாம் இரு பாதிகளும் எதிரெதிர் பக்கம் இழுபடும். கூடிவரும் எலும்பு விலகிவிடும்.

மூச்சுக்காகக் கிடைத்த நெகிழ்ச்சி, நின்றுபோன இதயத்துக்கும் உதவுகிறது. 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் குவன்ஹோவன், ஜேம்ஸ் ஜூட், கை நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைத் திறக்காமலேயே மார்பெலும்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று வெளியிட்டார்கள். இன்று சிபிஆர் என்று சொல்லித் தருவது அதிலிருந்து வளர்ந்ததே. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து, வளர்ந்தவருக்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். வாள்முனையில் அழுத்தக் கூடாது. அதன் பின்னால் கல்லீரல் இருக்கிறது. வயது ஏற ஏற விலாவின் குருத்தெலும்பு விறைத்துவிடுவதால், முதியவர்களின் விலா எலும்போ மார்பெலும்போ முறிவது சாதாரணம். சத்தம் கேட்டுப் பயந்து கையை எடுத்துவிடுபவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது. முறிந்த விலா சில வாரங்களில் கூடிவிடும்; ரத்தம் கிடைக்காத மூளைக்கு இருப்பது சில நிமிடங்களே.